மீட்டெடுத்த நாட்டு நாய்க்கு நிலையான வீடு: தோப்பா, அடுக்ககமா?

வேளச்சேரிவாசி:
வணக்கம். சித்திரை மாதத்தில் எங்கள் தெருவில் வண்டி அடித்துப் பின்னங்கால் முறிந்து கிடந்த பெண் நாட்டு நாயை எடுத்து வந்து, எலும்பில் தகடு வைத்து, கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டு இதுவரை வளர்த்திருக்கிறேன். செம்பிக்கு இரண்டு வயது இருக்கலாம். லேசாக நொண்டுவாள், வண்டிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வாள். அப்பாவுக்கு ஆஸ்துமா முற்றியதால் அவளை இங்கே வைத்திருக்க முடியாத நிலை. இருவர் கேட்கிறார்கள்: செங்கல்பட்டுக்கு அருகில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் ஒருவர்; சோழிங்கநல்லூர் அடுக்ககத்தில் வாடகைக்கு இருக்கும் தம்பதியர், அவர்களில் மனைவி வீட்டிலிருந்தே வேலை செய்பவர். ஓடியாட இடம் இருக்கும் என்று என் மனம் தோப்பின் பக்கம் சாய்கிறது. இது சரிதானா?

நாட்டுநாய்ப்பிரியை:
தோப்புக்காரர் எதற்காக நாய் கேட்கிறார் என்பதை முதலில் விசாரியுங்கள். காவலுக்கு என்றால், பகல் முழுவதும் சங்கிலியிலும் இரவில் தனிமையிலும் அவள் காலம் கழியும். பரந்த தோப்பில் விட்டாலும் நாய் மனிதர் இருக்கும் வாசலில்தான் வந்து படுக்கும் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே இடத்தின் அளவைவிட, இரவில் எங்கே படுப்பாள், வீட்டார் வெளியூர் போனால் யார் சோறு வைப்பார்கள், உண்ணிக் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் யார் தூக்கிக்கொண்டு போவார்கள் என்பவற்றையே கேளுங்கள். தொலைபேசியில் வேண்டாம், இரண்டு வீடுகளுக்கும் செம்பியை அழைத்துக்கொண்டு நேரில் போங்கள்.

அடையாறு அன்பன்:
அடுக்ககம் என்றால் வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். நாய் வளர்க்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. ஆனால் உரிமையாளர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தால் அந்த நெறிகள் செம்பிக்கு உதவப் போவதில்லை. மாநகராட்சி உரிமமும் அவர்கள் பெயரிலேயே எடுக்கப்படட்டும். தத்தெடுத்த தெருநாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது தத்தெடுத்தவரின் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் கூறியிருப்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். வழவழப்பான தரை ஓடுகளில் தகடு வைத்த கால் வழுக்கும். அவள் நடமாடும் இடத்தில் மிதியடி விரிக்கச் சம்மதிக்கிறார்களா என்று பாருங்கள். கேட்பதற்குச் சிறியதுதான் என்றாலும், அவர்களுடைய அக்கறை அதில் தெரிந்துவிடும்.

மேடவாக்கம் மணி:
யாரிடம் கொடுத்தாலும் தீபாவளி கழிந்த பிறகு கொடுங்கள். புது வீட்டில் வெடிச்சத்தம் கேட்டு மிரண்ட நாய் திறந்த கதவு வழியே ஓடினால் வழி தெரியாமல் தொலைந்துபோகும். புது வீட்டில் மிரட்சி அடங்க மூன்று நாள், வீட்டு வழக்கம் பழக மூன்று வாரம், முழுதாக ஒட்டிக்கொள்ள மூன்று மாதம் என்று மீட்பாளர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். நாங்கள் எடுத்து வளர்க்கும் நாய் முதல் மூன்று நாள் சாப்பிடவே இல்லை. வாலாட்டி வரவேற்க இரண்டு மாதம் ஆயிற்று. இதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிட்டு, ஒத்துவராவிட்டால் வேறு எவரிடமும் தராமல் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வேளச்சேரிவாசி:
அனைவருக்கும் நன்றி. ஞாயிறன்று இரண்டு இடங்களுக்கும் போய் வந்தேன். தோப்புக்காரர் நல்ல மனிதர். ஆனால் மாலையானால் அவர் ஊருக்குள் இருக்கும் வீட்டுக்குப் போய்விடுகிறார், இரவில் தோப்பில் ஆளில்லை. சோழிங்கநல்லூரில் அந்தப் பெண் செம்பியைத் தொட முயலாமல் தரையில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து இவளே போய் அவருடைய பாதத்தை முகர்ந்தாள். வீட்டு உரிமையாளரின் கடிதம் வந்ததும், தீபாவளி முடிந்த வாரத்தில், அவளுடைய பழைய சாக்கு விரிப்போடு கொண்டுபோய் விடுகிறேன்.