மறு: 'ஹைப்பாக்சியா' – குறைபாடா, தாழ்வா?

வணக்கம் ஐயா.

திசுக்களில் ஆக்சிஜன் அளவு குறைந்திருக்கும் நிலையான 'ஹைப்பாக்சியா'வுக்குத் தமிழ்ச் சொல்லாகத் தாங்கள் முன்வைத்த 'ஆக்சிஜன் குறைபாடு' கேட்டவுடன் விளங்கும் சொல்தான். ஆனால் இரும்புச்சத்துக் குறைபாடு, வைட்டமின் குறைபாடு என்று கேட்டுப் பழகிய காதுக்குக் 'குறைபாடு' என்றாலே நோய் என்றுதான் படும். கல்லீரலில் அது பொருந்தவில்லை. அங்கு வரும் குருதியில் ஏறத்தாழ முக்கால் பங்கு, குடலுக்கும் மண்ணீரலுக்கும் ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு வாயிற்சிரை (குடல் பகுதியிலிருந்து ஈரலுக்குக் குருதி கொண்டுவரும் நாளம்) வழியாக வருவது. எஞ்சியதே தமனிக் குருதி. ஆகையால் நலமான ஈரலிலும், அதன் நுண்ணிய கட்டமைப்பு அலகான சிறுமடலின் விளிம்பில் 60 முதல் 65 மி.மீ. பாதரசமாக இருக்கும் ஆக்சிஜன் அழுத்தம், அச்சிறுமடலின் மையத்திலுள்ள நடுச்சிரையை நெருங்கும்போது 30 முதல் 35 வரை இறங்கிவிடுகிறது. இது அவ்வுறுப்பின் இயல்பு.

எனவே, ஆக்சிஜனை 'உயிர்வளி' என்று கொண்டு, 'உயிர்வளித்தாழ்வு' என்பதை முன்மொழிகிறேன். 'காற்றழுத்தத் தாழ்வு' என்னும்போது நாம் ஒரு நிலையைத்தான் சுட்டுகிறோம். 'ஆழ்ந்த தாழ்வு' என்று படி பிரிக்கவும் அச்சொல் இடம் தருகிறது. அறவே இல்லாத நிலையை 'உயிர்வளியின்மை' எனலாம். குருதியிலேயே அளவு குறைந்திருப்பது 'குருதி உயிர்வளித்தாழ்வு'.

நாட்பட்ட ஈரல் நோயை விளக்க இந்தப் படிநிலை வேண்டியிருக்கிறது. தொடர் அழற்சியால் ஈரலிலுள்ள விண்மீன் வடிவச் செல்கள் (விண்மீன் செல்கள்) உருமாறிக் கொல்லாஜன் நாரைச் சுரக்கத் தொடங்கும்போது, நுண்குருதிக் குழல்களின் சுவரிலுள்ள சல்லடைத் துளைகளும் மறைகின்றன. குருதிக்கும் ஈரல் செல்லுக்கும் நடுவே நார் படிந்து ஆக்சிஜன் ஊடுருவுவதைக் கடினமாக்க, ஏற்கெனவே இருந்த தாழ்வு ஆழ்ந்து, விண்மீன் செல்களை மேலும் தூண்டி, மேலும் நாரைப் படியவைக்கிறது. இங்கே தாழ்வு நார்ப்பெருக்கத்தின் விளைவாகவும் காரணமாகவும் இருக்கிறது.

ஆக்சிஜன் தாழும்போது செயல்படும் 'ஹிஃப்' (HIF, hypoxia-inducible factor) புரதத்துக்கு அன்பர் ஒருவர் பரிந்துரைத்த 'உயிர்வளியுணர் காரணி' அழகாக இருந்தாலும் பொருள் பிழையுடையது. 2019இல் கேலின், ராட்கிளிஃப், செமென்சா ஆகியோருக்கு நோபல் பரிசு பெற்றுத்தந்த ஆய்வுகளின்படி, ஆக்சிஜனை உணர்வது ஹைட்ராக்சிலேஸ் நொதிகள். ஆக்சிஜன் போதிய அளவில் இருக்கையில் அவை ஹிஃப் புரதத்தின் ஆல்ஃபா பகுதியில் அடையாளம் இட, அது உடனுக்குடன் சிதைக்கப்படுகிறது. ஆக்சிஜன் தாழும்போது அடையாளம் விழாமல் தப்பித் திரண்டு, மரபணுக்களை முடுக்குகிறது. தாழ்வில் எழுவதால் 'தாழ்வெழு காரணி' என்று வினைத்தொகையாக அமைக்கலாம். 'தாழ்வு தூண்டு காரணி' வேண்டாம். எது எதைத் தூண்டுகிறது என்ற குழப்பம் வரும்.

மேலே சொன்ன நார்ப்படிவைக் குறிக்கும் 'ஃபைப்ரோசிஸ்' என்பதற்குத் 'தழும்பு' பொதுவாசகருக்குப் போதும், கலைச்சொல்லாகப் போதாது. தழும்பு புண் ஆறியதன் சுவடு. இதுவோ ஆறாமல் வளர்வது, காரணம் நீங்கினால் ஓரளவு கரையவும் கூடியது. 'நார்ப்பெருக்கம்' என்றே வைத்துக்கொள்வோம்.

'உயிர்வளி' வழக்கில் ஊன்றவில்லை என்போர் 'ஆக்சிஜன் தாழ்வு' என்று எழுதலாம், எனக்கு மறுப்பில்லை. என் வாதம் பின்பாதிச் சொல்லைப் பற்றியதே.