வீடற்றோர் காப்பகம்: உங்கள் மனதை விட்டுப் போகாத ஓர் இரவு

இரவுப் பொறுப்பாளர்

நான்கு வருடம் ஒரு மாநகராட்சிக் காப்பகத்தில் இரவு வேலை பார்த்தேன், எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. கட்டடம் மாநகராட்சியுடையது, நடத்தியது ஒரு தொண்டு நிறுவனம், பணம் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து கொடுத்த தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தில் இருந்து, தவணை தவணையாக. தவணை எப்படி வரும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த வருடம் ஏழு மாதம் வரவில்லை. மளிகைக் கடைக்காரர் அரிசியை நிறுத்தவில்லை, பருப்பை நிறுத்திவிட்டார்.

சொல்ல வந்தது அதை இல்லை. அடுத்த தவணைக்கு முன்னால் அதிகாரிகள் ஆள் எண்ண வந்தார்கள், இரவு பதினொன்றரை மணிக்கு. பதிவேட்டில் 47 பேர், பாயில் படுத்திருந்தது 29 பேர். வைகாசி மாதம், மறுநாள் பெரிய முகூர்த்தம், மீதிப் பேர் மண்டபங்களில் காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் போயிருந்தார்கள், விடியற்காலை நாலு மணிக்குத்தான் திரும்புவார்கள். சொன்னேன். "இருக்கிறவங்களைத்தான் எழுத முடியும்" என்றார்கள். டார்ச் அடித்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனபோது ஓரத்தில் படுத்திருந்த ஒரு தாத்தா எழுந்து உட்கார்ந்தார். பக்கத்துப் பாயில் இருந்த துணி மூட்டை மேல் கையை வைத்து, "இவன் வேலைக்குப் போயிருக்கான் சார், இது அவன் இடம், எழுதிக்கங்க" என்றார். அப்புறம் நகர்ந்து போய் அடுத்த மூட்டை. அதற்கடுத்த மூட்டை. பதினெட்டு மூட்டைக்கும் பெயர் சொன்னார், எந்த மண்டபம் என்பது வரை சொன்னார். வந்தவர்கள் பேனாவைத் திறக்கவே இல்லை. 29 என்று எழுதிக்கொண்டு போனார்கள். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, தவணை இன்னும் இரண்டு மாதம் தள்ளிப் போனது.

ஓய்வுபெற்ற கணக்கர்

தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் எண்ண வந்தவர்களை மட்டும் குறை சொல்லாதீர்கள். வேறொரு ஊரில் நான் தணிக்கைக்குப் போன காப்பகத்தில் பதிவேட்டில் 50 பேர், எல்லாக் கையெழுத்தும் ஒரே மையில், ஒரே சாய்வில். கதவைத் திறக்கச் சொன்னால் உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. வாசல் படியில் ஒரு அம்மா படுத்திருந்தார், நாங்கள் பூட்டைத் திறந்ததற்காக எழுந்து வழி விட்டார். அந்தப் படியை நினைக்கும்போதெல்லாம் எண்ணத்தான் வேண்டும் என்று தோன்றும்.

இப்போது காப்பகம் நடத்துகிறவர்கள் யாராவது இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். வருகைப் பதிவேடு மட்டும் போதாது, வெளியே போகும் பதிவேடு ஒன்று தனியாக வேண்டும்: எத்தனை மணிக்குப் போனார், என்ன வேலை, எப்போது திரும்பினார், கையெழுத்து அல்லது கைநாட்டு. இரவு பதினொன்றுக்கு ஒரு முறை, காலை ஐந்துக்கு ஒரு முறை எண்ணுங்கள். வந்த பணம் செலவானதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழை அவர்கள் கேட்கும் வரை வைத்திருக்காதீர்கள், நிதியாண்டு முடியும் மார்ச் 31 நெருங்கும்போது எல்லாக் கோப்பும் ஒரே மேசையில் குவியும், அதில் உங்களுடையது அடியில் போய்விடும். 2024-ல் முடிந்த அந்தத் திட்டத்தின் பணத்தில் மத்திய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம் என்று பங்கு இருந்தது, இரண்டும் சேர்ந்து மாநகராட்சிக்கு வந்து அங்கிருந்துதான் காப்பகத்துக்கு வந்தது, ஆகவே பணம் தாமதமானால் அது எந்தப் படியில் என்று எழுத்தில் கேளுங்கள், வாய் வார்த்தையில் கேட்டால் பதிலும் வாய் வார்த்தையாகத்தான் இருக்கும். அப்புறம் முக்கியமானது, உங்கள் வார்டு கவுன்சிலரிடம் பேசி, தவணை வரும் வரை மாநகராட்சி தன் பொது நிதியில் இருந்து முன்பணம் கொடுக்க மன்றத்தில் ஒரு தீர்மானம் கேளுங்கள். வருடா வருடம் பட்ஜெட்டில் காப்பகத்துக்கு என்று தனிக் கணக்குத் தலைப்பு இருந்தால் கடைக்காரர் முன்னால் நிற்க வேண்டியிருக்காது.

பிராட்வே பக்கம்

என்னுடையது சின்னது. ஐப்பசி மழை, ராத்திரி பத்து மணி, முழங்கால் தண்ணீர். மீன்பாடி வண்டி, அதாவது சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டி, மேலே தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ஒருவர் சுருண்டு படுத்திருந்தார். காப்பகத்துக்குப் போன் செய்து இடம் இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறது, கூட்டி வாருங்கள் என்றார்கள், ஆட்டோவும் நிறுத்திவிட்டேன். அவர் இறங்கவே இல்லை. "வண்டிய எங்க வுடுறது?" என்று கேட்டார். வாடகை வண்டியாம். "காணாப்போச்சுன்னா மொதலாளிக்கு நீ கட்டுவியா?" எனக்கு வாயில் பதில் வரவில்லை. தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டார். அங்கே பாய் காலியாக இருந்தது, இங்கே ஆள் நனைந்துகொண்டிருந்தார்.

அந்தத் திட்டத்தின் வழிகாட்டு விதியில் ஆளுக்கு 50 சதுர அடி என்று இருந்தது, நல்ல விதிதான். வண்டிக்கு எத்தனை சதுர அடி என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். கணக்கர் ஐயா சொல்வது போல எண்ணிப் பார்த்தால் அந்த இரவு அந்தக் காப்பகம் "தேவைக்கு மேல் இடம் உள்ளது" என்றுதான் தாளில் வரும்.

டீச்சர்

கணக்கர் ஐயா, மரியாதையோடு சொல்கிறேன், நீங்கள் எழுதியதில் பாதி வேலையைச் செய்யவே ஒரு கிளார்க் வேண்டும். அந்தச் சம்பளம் எதில் இருந்து வரும்? அந்தத் திட்டத்தில் 50 பேர் காப்பகத்துக்கு நடத்தும் செலவு வருடத்துக்கு 6 லட்சம் என்று இருந்தது. மாதம் 50,000. தலைக்கு மாதம் 1,000, ஒரு நாளைக்கு 33 ரூபாய் சொச்சம். அதில்தான் ஒரு மேலாளர், எட்டு மணி நேர முறையில் மூன்று பராமரிப்பாளர்கள், கழிவறை சுத்தம் எல்லாம். தவணை சரியாக வந்தபோதே அந்த நிலை. 2010-ல் டெல்லிக் குளிரில் தெருவில் ஆட்கள் செத்த பிறகு உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், வருடம் முழுக்க, 24 மணி நேரமும் என்ற பேச்சே வந்தது. கட்டடத்தை எண்ணுகிறோம், நடத்துகிற செலவை யார் கேட்கிறார்கள்?

என் வகுப்பில் ஒரு பையன், பதினான்கு வயது, பிளாட்பாரத்துக் குடும்பம், பாட்டி காலத்தில் இருந்தே அதே தெரு. சாலை வேலைக்காக எழுப்பிவிட்டார்கள். அம்மாவையும் தங்கச்சியையும் பெண்கள் காப்பகத்தில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். இவன் வளர்ந்த பையன், அங்கே கூடாது. ஆண்கள் காப்பகத்தில் கேட்டால் சின்னப் பையனைப் பொறுப்பேற்க முடியாது என்றார்கள். இரண்டு பக்கமும் விதிப்படிதான் பேசினார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவன் புத்தகப் பையை முன்னால் மாட்டிக்கொண்டு நின்று, "மிஸ், அப்ப நான் எங்க படுக்கணும்?" என்று கேட்டான். சண்டையாகக் கேட்கவில்லை, வீட்டுப்பாடத்தில் சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டான். கடைசியில் மூன்று பேரும் சேர்ந்து வேறொரு தெருவுக்குப் போய்விட்டார்கள். குடும்பமாகத் தங்கும் காப்பகம் ஒன்று அந்த வட்டாரத்தில் இருந்திருந்தால் அவன் அந்த வருடம் பள்ளியை விட்டிருக்க மாட்டான்.

ஓய்வுபெற்ற கணக்கர்

அம்மா, 33 ரூபாய்க் கணக்கை நான் மறுக்கவில்லை. அது போதாது என்று குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். ஆனாலும் பதிவேடு வேண்டும்.

இரவுப் பொறுப்பாளர்

ஐயா, நீங்கள் சொன்ன வெளியே போகும் பதிவேடு அன்று எங்களிடம் இல்லை, அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். மறுநாளே ஒரு நோட்டு வாங்கி ஆரம்பித்தேன். ஆனால் முதல் பக்கம் என் கையெழுத்தில் இல்லை. அன்று விடியற்காலை மண்டபத்தில் இருந்து திரும்பியவர்களைத் தாத்தா ஒருத்தரையும் பாய்க்குப் போக விடவில்லை, வரிசையாக என் மேசை முன்னால் நிறுத்தி, "இப்ப எண்ணு" என்றார். ஈரக் கையோடு பதினெட்டுப் பேரும் நின்றார்கள். பெயர்களை அவர்களில் எழுதத் தெரிந்த ஒருவரே ஒரு தாளில் எழுதினார், எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள், அதைத்தான் நோட்டில் ஒட்டினேன். விளக்கக் கடிதத்தோடு நகல் அனுப்பினேன். மூலத் தாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, ஓரத்தில் சாம்பார்க் கறையோடு.