யூத ஜெப ஆலயத்தில் தாத்தாவும் பேரனும்: பார்த்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். யூத ஜெப ஆலயங்களில் முதியவர்களும் சிறுவர்களும் எப்படி இணைகிறார்கள் என்று ஒரு சிற்றிதழுக்குக் கட்டுரை எழுதுகிறேன். புத்தகங்களில் கிடைப்பது பெரும்பாலும் சடங்கு விதிகள்தான். நேரில் பார்த்தவர்கள் சொன்னால்தான் எழுத்துக்கு உயிர் வரும்.

என்னை அதிகம் கவர்ந்தது, யூத மறைநூலான தோராவைக் கொண்டாடும் சிம்ஹாத் தோரா திருநாள். அன்று 13 வயது நிரம்பாத பிள்ளைகளை எல்லாம் தோரா வாசிக்கும் மேடைக்கு அழைத்து, அவர்கள் தலைக்கு மேல் தொழுகைச் சால்வையைப் பெரியவர்கள் பந்தல்போல் விரித்துப் பிடிப்பார்கள். அப்போது சொல்லப்படும் ஆசிமொழி, யூதர்களின் மூதாதை யாக்கோபு தன் பேரன்கள் எப்பிராயீமையும் மனாசேயையும் வாழ்த்தியது. ஒரு தாத்தாவின் வாழ்த்தைச் சபையே சொல்கிறது! பத்துப் பேர் கூடினால்தான் முழு வழிபாடு என்ற விதியும் சுவையானது: மரபுவழிச் சபைகளில் ஒன்பது கிழவர்கள் காத்திருக்க, 13 வயதுப் பையன் ஒருவன் நுழைந்தால் போதும்.

இஸ்ரேலிலோ மும்பையிலோ நியூயார்க்கிலோ இதைப் பார்த்தவர்கள் உண்டா? பிள்ளைகளோடு மேடையில் நிற்கும் பெரியவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

இன்னொரு உதவி. கொச்சி யூதப் பெண்கள் தங்கள் மலையாளப் பாடல்களை நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்துப் பாடிவந்தவர்கள். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அங்கே பேத்திகள் அவற்றைக் கற்கிறார்களா? என்னிடம் சில ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. பழைய மலையாளம் புரிகிறவர்கள் தனிச்செய்தி அனுப்பினால் பகிர்கிறேன். வரிக்கு வரி மொழிபெயர்ப்பு வேண்டாம், சாரம் போதும்.