சக்கர நாற்காலியில் இருக்கும் அப்பாவுக்குப் பதினாறு படிகளைக் காட்ட வேண்டும்: வழி சொல்லுங்கள்

ரோஸ் ஹில் ஆசிரியை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 78. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு வலக்காலில் வலுவில்லை. வீட்டுக்குள் கைத்தடியை ஊன்றி நாலடி நடப்பார். வெளியே போனால் சக்கர நாற்காலிதான். சென்ற மாதம் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திலிருந்து, அவருடைய பாட்டனார் ஒப்பந்தக் கூலியாக இங்கே மொரீஷியஸில் வந்திறங்கியதற்கான பதிவின் நகல் எங்கள் கைக்கு வந்தது. அன்று முதல் அப்பா கேட்பது ஒன்றே ஒன்றுதான்: போர்ட் லூயிஸில், ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய குடியேற்றக் கிடங்கான அப்பிரவாசி காட் படித்துறையில், தாத்தா ஏறி வந்த அந்தப் பதினாறு படிகளையும் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்கிறார்.

அழைத்துச் செல்ல நான் தயங்குவதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு ஒரு பழைய கட்டடத்தைப் பார்க்கப் போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டபோது, "தாராளமாக வாருங்கள், நாற்காலி வரும்" என்றார்கள். போய்ப் பார்த்தால் வாசலிலேயே மூன்று கல் படிகள். அங்கே பணியில் இருந்த இருவர் நல்ல மனத்தோடுதான் அவரை நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். ஆனால் அப்பா இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பற்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். வீடு திரும்பும்வரை அவர் வாய் திறக்கவில்லை. இரவு சாப்பிடும்போதுதான், "மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கிவிட்டார்களே அம்மா" என்றார்.

இந்த முறை அப்படி நடக்கக் கூடாது. படித்துறையோடு பழைய கிராண்ட் போர்ட் கோட்டைச் சிதைவுகளையும் லெ மோர்ன் மலையையும் காட்ட நினைக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

வாக்குவா வாசகர் பதில்:

அம்மா, நான் பத்தொன்பது ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருப்பவன். உங்கள் அப்பா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கும் வலி எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் கேள்வியை மாற்றுங்கள். "நாற்காலி வருமா?" என்று கேட்டால் எங்கும் "வரும்" என்றே பதில் சொல்வார்கள், தூக்கிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. அதனால் எண்ணிக்கையாகக் கேளுங்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாசல் எத்தனை மீட்டர், வாசலில் எத்தனை படி, கதவின் அகலம் எவ்வளவு, தரை சிமெண்டா, சரளையா, புல்லா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கழிப்பறைக் கதவு உள்பக்கம் திறக்கிறதா, வெளிப்பக்கம் திறக்கிறதா என்பதையும் விடாதீர்கள். உள்பக்கம் திறக்கும் சிறிய கழிப்பறைக்குள் நாற்காலி போய்விட்டால் பிறகு கதவைச் சாத்த முடியாது. பதில் சொல்பவருக்குத் தெரியவில்லை என்றால், ஒரு நிமிடம் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லும்படி கேளுங்கள். தயக்கமே வேண்டாம்.

கிராண்ட் போர்ட் சிதைவுகள் இருப்பது புல்தரையில். 1638இல் டச்சுக்காரர்கள் முதன்முதலாகக் குடியேறிய இடம் அது. அவர்களுடைய கோட்டையின் அடித்தளமும் அதன்மேல் பிரெஞ்சுக்காரர்கள் எழுப்பிய சுவர்களும் திறந்த வெளியில் கிடக்கின்றன. தென்கிழக்குக் கரைக்கு மழை அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். ஈரப் புல்லில் நாற்காலியின் முன்பக்கச் சின்னச் சக்கரங்கள் மண்ணில் புதைந்து, உட்கார்ந்திருப்பவர் முன்னால் சாய்ந்துவிடுவார். அப்படிப்பட்ட இடத்தில் நாற்காலியை முன்னால் தள்ளக் கூடாது. திருப்பி நிறுத்தி, சற்றே பின்னால் சாய்த்து, பெரிய சக்கரங்கள் இரண்டின் மேலேயே பின்னோக்கி இழுத்துச் செல்லுங்கள். சாய்ப்பதற்கு முன் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். மழை இல்லாமல் இரண்டு மூன்று நாள் கழிந்த பிறகு போவது உத்தமம்.

லெ மோர்ன் 556 மீட்டர் உயரம்; உச்சி வழியில் பாறையைக் கையால் பற்றித்தான் ஏற வேண்டும். ஆனால் அந்த மலையின் முழு உருவத்தையும் பார்க்க வேண்டுமானால் கீழே நின்றுதான் பார்க்க வேண்டும். தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை அது. அவர்கள் நினைவாக எழுப்பிய சின்னமும் அடிவாரத்தில்தான் இருக்கிறது. உச்சிக்குப் போகாததால் அப்பாவுக்கு எதுவும் குறைந்துவிடாது. களைப்பில்லாமல் இயற்கையைக் காண, கியூர்பிப்பின் த்ரூ ஓ செர்ஃப் எரிமலை வாய்க்கு அழைத்துச் செல்லுங்கள். விளிம்பைச் சுற்றியே சாலை இருப்பதால் வண்டியை அருகிலேயே நிறுத்திப் பார்க்கலாம்.

காத்ர் போர்ன் பொறியாளர் பதில்:

பழைய கற்கட்டடப் பழுதுபார்ப்பில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் ஒன்று சேர்க்க விரும்புகிறேன். "படிமேல் ஒரு சாய்தளம் போட்டால் என்ன?" என்று பலர் கேட்பதுண்டு. ஒரு படி 15 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். பதினாறு படிக்கு 2.4 மீட்டர் ஆகிறது. ஒரு பங்கு உயர்வுக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்ற வழக்கமான அளவின்படி சாய்தளம் ஏறக்குறைய 29 மீட்டர் நீள வேண்டும். இடையிடையே கை ஓய்வதற்குச் சமதளங்களையும் சேர்த்தால் 33 மீட்டரைத் தாண்டும். படித்துறை இருக்கும் இடத்தின் மொத்தப் பரப்பே 1,640 சதுர மீட்டர்தான். எதைப் பார்க்க வருகிறோமோ அதையே அந்தச் சாய்தளம் மறைத்துவிடும். ஆகவே படியில் ஏற்றுவதைவிட, படியை முழுமையாகப் பார்க்கும்படியான இடம்வரை சமமான பாதை அமைப்பதுதான் சரியான தீர்வு. வாசலில் இருக்கும் இரண்டு மூன்று படிகளுக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது. சுண்ணாம்புச் சாந்துக் கட்டுமானத்தில் ஒரு துளைகூடப் போடாமல், வேண்டாதபோது அப்படியே எடுத்துவிடக்கூடிய மரச் சாய்தளத்தை அங்கே ஒரே நாளில் வைக்கலாம். அதற்கும் மனமில்லாமல் "பாரம்பரியச் சின்னம்" என்று காரணம் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் குன்றிலேயே 2020இல் புதிய மின்தூக்கியை நிறுவினார்கள். அதையொட்டிப் போட்ட கான்கிரீட் பாதையைப் பற்றிக் கடுமையான விவாதம் நடந்தது உண்மைதான். ஆனாலும் நாற்காலியில் வருபவர் இன்று மேலே போகிறார்.

பிளாக் ரிவர் வாசகி பதில்:

என் தங்கைக்குப் பார்வை இல்லை. இப்படிப்பட்ட இடங்களில் எழுதி வைத்த பலகைகளால் அவளுக்குப் பயனில்லை. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை நம் நாடு 2010இல் உறுதிசெய்தபோது, பொதுக் கட்டடங்களில் பிரெய்ல் பலகை வைப்பதையும் உடன் வரும் வழிகாட்டிகளை ஏற்பாடு செய்வதையும் செலவைக் கருதி அப்போதைக்கு மேற்கொள்ள இயலாது என்று அறிவித்தது. அதே உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, நினைவுச் சின்னங்களை அணுகும் உரிமையை "இயன்ற வரை" என்ற சொல்லோடு தருகிறது. அந்த இரண்டு சொற்களுக்குள் எவ்வளவோ நழுவிப் போகிறது என்பது என் வருத்தம். அதனால் போகுமிடமெல்லாம், எந்தக் கல்லைத் தொடலாம் என்று அங்குள்ள பொறுப்பாளரிடம் முதலிலேயே அனுமதி கேட்டுவிடுவேன். தங்கை கல்லின் விளிம்பை விரலால் தடவி, தேய்ந்த இடத்தையும் தேயாத இடத்தையும் எனக்கே பிரித்துச் சொல்வாள். உங்கள் அப்பாவுக்கும் அனுமதி கேட்டுப் பாருங்கள். படியை ஏற முடியாவிட்டாலும், அந்தக் கல் கைக்கு எட்டினால் போதும் என்று அவருக்குத் தோன்றலாம்.

நவம்பர் 2ஆம் தேதியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். 1834இல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு அட்லஸ் கப்பல் வந்த நாள் என்பதால் அன்று படித்துறையில் விழாக் கூட்டம் நெரியும். நாற்காலியில் இருப்பவருக்கு முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும்.

வாக்குவா வாசகர் மறுபடியும்:

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்தக் குடியேற்றக் கிடங்கில் மருத்துவமனைப் பகுதியும் இருந்தது. அதன் எச்சங்களும் அங்கே இருக்கின்றன. வாரக்கணக்கில் கடலில் கிடந்து நோயோடு இறங்கியவர்களையும் அந்த இடம் பார்த்திருக்கிறது. உடம்பு முடியாமல் அங்கே போகிற முதல் ஆள் தாம் இல்லை என்பதை அப்பாவிடம் சொல்லுங்கள்.

ரோஸ் ஹில் ஆசிரியை:

உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை தொலைபேசியில் பேசினேன். எண்ணிக்கையாகக் கேட்டதும் அவர்களே போய்ப் பார்த்துவிட்டு, மாலையில் திரும்ப அழைப்பதாகச் சொன்னார்கள். மருத்துவமனைப் பகுதியைப் பற்றி அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பதிவு நகலை எடுத்து வரச் சொல்லி, பாட்டனாரின் வயது எழுதியிருக்கும் இடத்தை மறுபடி பார்த்தார். இருபத்திரண்டு. வரும் வியாழக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள் போகிறோம். அளவு நாடாவும் கொண்டு போகிறேன். வாசல், பாதை, கழிப்பறை ஆகியவற்றின் அளவுகளை அளந்து இங்கேயே பதிகிறேன்.