18.2 கிலோஹெர்ட்ஸ்க்கு ஃபெரைட் ராட்ல காயில் சுத்துனேன், ஒண்ணும் வரல. எங்க தப்பு?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். மதுரைல பிஎஸ்சி பிசிக்ஸ் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். திருநெல்வேலி பக்கம் விஜயநாராயணத்துல நேவியோட ஐஎன்எஸ் கட்டபொம்மன் இருக்குல்ல, அங்க இருந்து நீர்மூழ்கிக் கப்பலுக்கு 18.2 கிலோஹெர்ட்ஸ்ல சிக்னல் போகுது, சூரியன்ல ஃப்ளேர், அதாவது திடீர் வெடிப்பு, வந்தா இந்த மாதிரி சிக்னலோட பலம் மாறும்னு படிச்சதுல இருந்து அத வீட்லயே பிடிச்சுப் பாத்துடணும்னு ஒரே ஆசை. தாத்தாவோட பழைய ரேடியோ பரண்ல கிடந்துச்சு, அதுல ஆன்டெனாவா இருந்த ஃபெரைட் ராட (காயில் சுத்துற கருப்புக் காந்தப் பொருள் தண்டு) கழட்டுனேன், 10 மிமீ தடிமன் 20 செமீ நீளம். அதுல இருந்த மீடியம் வேவ் காயில் 60 சுத்து, காலேஜ் லேப் மீட்டர்ல இண்டக்டன்ஸ் 300 மைக்ரோஹென்றி காட்டுச்சு. சுத்து 5 மடங்கானா இண்டக்டன்ஸ் 25 மடங்கு, அப்போ 300 சுத்துக்கு 7.5 மில்லிஹென்றி, கூட 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டா டியூனிங் 18.4 கிலோஹெர்ட்ஸ் கிட்ட வருது. இத நம்பி 36 கேஜ் எனாமல் வயர் வாங்கி ரெண்டு மணி நேரம் உக்காந்து 300 சுத்து சுத்திட்டேன். லேப்ல இருந்த சின்ன மஞ்ச டிஸ்க் கெப்பாசிட்டர பேரலல்ல போட்டு நேரா யுஎஸ்பி சவுண்ட் கார்டு மைக் ஜாக்குல குடுத்தேன், சாம்பிளிங் 48000. லேப்டாப்ல ஸ்பெக்ட்ரம் (எந்த ஃப்ரீக்வன்சில எவ்ளோ சிக்னல்னு காட்டுற படம்) பாத்தா ஸ்க்ரீன் முழுக்க கோடு கோடா இரைச்சல்தான், 18.2ல எதுவுமே இல்ல. கணக்கு தப்பா, சுத்துனது தப்பா?

பழைய வால்வு:
தம்பி, கணக்கும் சரி சுத்துனதும் சரி, மைக் ஜாக்குல நேரா குடுத்ததுதான் தப்பு. 7.5 மில்லிஹென்றிக்கு 18 கிலோஹெர்ட்ஸ்ல ரியாக்டன்ஸ், அதாவது ஏசிக்கு காட்டுற தடை, சுமார் 860 ஓம். மைக் இன்புட் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு கிலோ ஓம்தான் இருக்கும், அத டியூன்டு சர்க்யூட்டுக்குக் குறுக்கே போட்டா க்யூ, அதாவது டியூனிங்கோட கூர்மை, ரெண்டுக்கு வந்துரும், அப்புறம் அது டியூனே ஆகாது, மணிய கையில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அடிக்கிற மாதிரி. போதாததுக்கு மைக் ஜாக்குல வர்ற டிசி வோல்டேஜயும் உன் காயில் ஷார்ட் பண்ணிட்டு இருக்கு. பிஎஃப்டபிள்யூ10 எஃப்இடிங்கிற டிரான்சிஸ்டர் லேப்ல கிடைச்சா, மைக்கோட சுமை காயில் மேல ஏறாம நடுவுல ஒரு பஃபர் கட்டலாம், ஆனா முதல்ல இத செஞ்சு பாரு: பெரிய காயில் மேலயே தனியா 20 சுத்து சுத்தி அந்த ரெண்டு முனைய மட்டும், நடுவுல ஒரு கெப்பாசிட்டர் வச்சு, மைக் ஜாக்குக்கு குடு. 300க்கு 20னா 15 மடங்கு, அதோட ஸ்கொயர் 225, அப்போ மைக்கோட 2 கிலோ ஓம் பெரிய காயிலுக்கு 450 கிலோ ஓமாத்தான் தெரியும், டியூனிங்க கெடுக்காது.

மஞ்ச டிஸ்க்க தூக்கிப் போட்டுட்டு பாலிப்ரொப்பிலீன் போடு, செராமிக் வெயிலுக்கு மாறும். எனாமல் வயர் முனைய பிளேடால சுத்தி சுரண்டி செம்பு பளபளன்னு தெரிஞ்ச அப்புறம் ஈயம் வை, ஈயம் உருண்டையா நின்னா ஒட்டலன்னு அர்த்தம், வயர் மேல வழிஞ்சு பரவணும். இன்னொண்ணு, நேரா ராட் மேல சுத்தியிருந்தா நகராது. கெட்டிப் பேப்பர்ல குழல் பண்ணி அது மேல சுத்து, காயில் நடு ராட்ல இருந்தா இண்டக்டன்ஸ் அதிகம், ஓரத்துக்கு தள்ளத் தள்ள குறையும். 310 சுத்து வச்சுக்கிட்டு தள்ளித் தள்ளி 18.2ல கொண்டாந்து நிறுத்தலாம், நிறுத்துன அப்புறம் மெழுகு ஊத்திரு. ராட கீழ போட்டுறாத, கண்ணாடி மாதிரி உடைஞ்சுரும்.

மொட்டமாடி ரிசீவர்:
வால்வு அண்ணன் சொன்னதோட இதயும் பாருங்க. உங்க இரைச்சல்ல பாதி வீட்டுக்குள்ள இருந்துதான் வருது. லேப்டாப் சார்ஜர கழட்டி பேட்டரில ஓட்டுங்க, எல்இடி பல்பு எல்லாத்தயும் அணைங்க, முடிஞ்சா மொட்ட மாடிக்கு போயிடுங்க. விண்டோஸ்ல மைக்குக்கு சத்தம் குறைக்கிற வசதி ஆன்ல இருந்தா அதயும் அணைங்க, அது நமக்கு வேண்டியதயே வெட்டிரும். அப்புறம் ராட்டோட முனைய ஸ்டேஷனப் பாத்து வைக்கக் கூடாது, முனை பாத்த பக்கம்தான் எடுக்கவே எடுக்காது, விலாப்பக்கம்தான் ஸ்டேஷனப் பாக்கணும். மதுரைக்கு விஜயநாராயணம் கிட்டத்தட்ட நேர் தெக்கு, அதனால ராட கிழக்கு மேற்கா படுக்க வைங்க.

வைகைக்கரை:
அண்ணே வந்துருச்சு!! நேத்து ராத்திரி 20 சுத்து சேத்து, கெப்பாசிட்டர் மாத்தி, மாடில வச்சேன், 18.2ல நல்லா தடிமனா ஒரு பட்டை. ராட மெதுவா திருப்பத் திருப்ப மங்கிக்கிட்டே வந்து தெக்குல இருந்து கொஞ்சம் மேற்கா முனை வந்தப்போ காணாமலே போயிருச்சு, திருப்பிக் கொண்டாந்தா மறுபடி வருது, அம்மாவயும் கூப்பிட்டுக் காட்டுனேன். இனி ஃப்ளேருக்கு காத்திருந்தா போதுமா?

மொட்டமாடி ரிசீவர்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. ஆனா ஃப்ளேருக்கு அந்த ஸ்டேஷன் உங்களுக்கு சரிப்பட்டு வராது. நேர்க்கோட்டுல 170 கிமீ தான், தரையோட வர்ற அலையே பலமா இருக்கும், ஃப்ளேரோட எக்ஸ்ரே மாத்துறது வளிமண்டலத்துல மேல இருக்குற, மின்னேறின டி அடுக்கத்தான், அதுல பட்டு வர்ற பங்கு உங்களுக்கு கம்மி. ஆஸ்திரேலியால எக்ஸ்மவுத் பக்கம் என்டபிள்யூசின்னு ஒரு ஸ்டேஷன் 19.8ல இருக்கு, பவர் 1 மெகாவாட், 5000 கிமீ தாண்டி வருது, அதப் பிடிங்க. 10 நானோவுக்குப் பதிலா 8.2 நானோ கூட 390 பிகோ பேரலல்ல போட்டா உங்க காயில் அங்க போயிரும். நீங்க நேத்து கண்டுபிடிச்ச காணாமப் போற கோணம் இருக்கே, ராட அப்படியே விடுங்க, விஜயநாராயணம் அமுங்கிரும், என்டபிள்யூசி தென்கிழக்குல 60 டிகிரி தள்ளி இருக்கறதால அதுல பெரிய நஷ்டம் இல்ல.

பகல்ல சிக்னல் பெருசா ஆடாம போகும், ஃப்ளேர் வந்தா சில நிமிஷத்துல சட்டுனு மாறி அப்புறம் அரை மணி ஒரு மணி நேரத்துல மெதுவா இறங்கும். அந்த நேரத்த, சூரியனோட எக்ஸ்ரேய அளக்குற அமெரிக்காவோட கோயஸ் சாட்டிலைட்டோட கிராஃபோட ஒத்துப் பாருங்க. ஒரு எச்சரிக்கை: மதியம் ராட் சூடானா டியூனிங் நகரும், க்யூ ஜாஸ்தியா இருந்தா அதுவே சிக்னல் குறைஞ்ச மாதிரி காட்டும், நான் ஒரு மாசம் முழுக்க வெயில சூரிய வெடிப்புன்னு நோட்ல எழுதி வச்சிருந்தேன். காயிலுக்குக் குறுக்கே 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்க, கொஞ்சம் பலம் போகும், பரவால்ல. ராட தெர்மாகோல் பெட்டில வைங்க, தகர டப்பா மட்டும் வேண்டாம், சிக்னலயே மறைச்சிரும்.

வைகைக்கரை:
ரெசிஸ்டர் இன்னைக்கே போட்டாச்சு அண்ணே, 19.8ல மெல்லிசா ஒரு கோடு தெரியுது, 18.2 கிட்டத்தட்ட இல்ல. காலைல 6 மணில இருந்து லாக் ஓடுது. பெட்டிக்கு நாளைக்கு மீன் மார்க்கெட்ல கேக்கணும்.