அஜிட்டேஷன்: குலுக்கலா, அலசலா, புரட்டலா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தொகுக்கும், புகைப்பட இருட்டறைக்கான தமிழ்ச் சொற்களின் வரைவுப் பட்டியலில், கரைசலில் கிடக்கும் பிலிமுக்கு அசைவு கொடுக்கும் 'அஜிட்டேஷன்' என்பதற்கு நேரே 'கிளர்ச்சி' என்று இருப்பதைப் பார்த்தேன். அது மறியலுக்கும் உண்ணாவிரதத்துக்கும் உரிய சொல். துலக்கியில் ஊறிக் கிடக்கும் பிலிமுக்கு அதனால் பயன் இல்லை. (பிலிமில் பதிந்த படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலான டெவலப்பரை நான் துலக்கி என்றே எழுதுகிறேன். பாத்திரம் துலக்குவதும் மறைந்திருந்தது துலங்குவதும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.) அதற்குப் பதிலாகக் கோவை நண்பர் சொல்லும் 'குலுக்கல்' பேச்சு வழக்குக்கு நெருக்கமானது என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் அதைப் பட்டியலில் ஏற்றவே கூடாது என்பது என் கருத்து. அந்தச் சொல்லை நம்பி நான்கு பிலிம்களை இழந்தவன் நான்.

நான் பயன்படுத்துவது 4×5 அங்குலப் பிலிம். சுருட்டி வருவது சுருள் என்றால், தனித்தனியாக வரும் இதை ஏடு என்று சொல்லிவிடலாம். 'தாள்' என்றால் பிரிண்ட் போடும் தாளோடு குழம்பும்.

போன மார்கழியில் வேலூர்க் கோட்டை அகழியின் இக்கரையில் முக்காலியை ஊன்றி, கீழே கருங்கல் மதில், மேலே மேகமே இல்லாத வானம் என நான்கு ஏடுகளில் படம் எடுத்தேன். அன்றிரவே தட்டில் துலக்கியை ஊற்றி நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டேன். கையிலிருந்த குறிப்பில் 'குலுக்கவும்' என்று இருந்தது. அதன்படி தட்டின் ஒரு முனையைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தேன். மதிலில் ஒரு குறையும் தெரியவில்லை. கல்லின் சொரசொரப்பு எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டது. வானம்தான் காட்டிக்கொடுத்தது. நெகட்டிவின் ஓரங்களில் விரற்கடை அகலத்துக்குக் கருமை கூடியிருந்தது. பிரிண்டில் அது வெளுத்த சட்டமாக வந்து நின்றது. ஏடுகள் ஒட்டிக்கொண்ட இடத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு திட்டு.

ஏன் இப்படி ஆகிறது என்று பார்த்தால் சொல்லும் தானே கிடைக்கும். ஒளிபட்ட வெள்ளி உப்பைத் துலக்கி வெள்ளியாக மாற்றும்போது புரோமைடு வெளியேறுகிறது. அது துலக்கியின் வேகத்தைத் தடுக்கும் பொருள். பிலிமை ஒட்டியுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் துலக்கி சோர்ந்து போகிறது, புரோமைடு சேர்ந்துகொண்டே போகிறது. வானம் போல வெளிச்சம் மிகுந்த பகுதிகளில் இது இன்னும் விரைவாக நடக்கும். சோர்ந்த படலத்தை விலக்கி, புதிய துலக்கியை எல்லா இடத்துக்கும் ஒரே அளவாகக் கொண்டுசேர்ப்பதுதான் நாம் பெயர் தேடும் வேலை. வேகம் இங்கே முக்கியமில்லை. ஒரே தாளத்தில் குலுக்கினால் தட்டின் சுவரில் மோதித் திரும்பும் அலை ஓரங்களையே மீண்டும் மீண்டும் வருடுகிறது. 35 மி.மீ. சுருளை டாங்கியில் முரட்டுத்தனமாகக் குலுக்கினால் ஓரத் துளைகளின் வழியே பீய்ச்சும் துலக்கி, கோடு கோடாகப் பதிந்துவிடுவதும் இதனால்தான்.

நான் குடியாத்தத்தில் வளர்ந்தவன். எங்கள் தெருக்கோடியில் லுங்கி நூலுக்குச் சாயம் ஏற்றும் பட்டறை இருந்தது. நூல் சிட்டங்களைக் கழியில் கோத்துத் தொட்டியில் தொங்கவிடுவார்கள். இருவர் எதிரெதிரே நின்று, கழியின் மேல் அமர்ந்திருக்கும் நூல் சாயத்துக்குள் இறங்கவும் உள்ளே கிடந்தது மேலே வரவும் சிட்டத்தை நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். மணிக்கட்டு வரை நீலம் ஏறியிருக்கும். தொட்டியை யாரும் குலுக்கி நான் பார்த்ததில்லை. சற்று அசந்தால் நூல் திட்டுத் திட்டாகிவிடும். அங்கே நாள் முழுதும் காதில் விழுந்த சொற்கள் இரண்டு: அலசு, புரட்டு.

ஆகவே என் பரிந்துரை இது. பொதுச்சொல்லாக 'அலசல்' இருக்கட்டும். துணி அலசும் கை நீரைக் கலக்குவதில்லை, துணியை நீருக்குள் ஓடவிடுகிறது. கடைசியில், படத்தை நிலைநிறுத்தும் கரைசலான ஹைப்போ போக நீரில் விடுவதற்குக் 'கழுவல்' இருக்கிறது. ஸ்டூடியோக்களில் 'பிலிம் கழுவுவது' என்று மொத்த வேலையையும் சொல்வதுண்டு. பட்டியலில் அதைக் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் ஒதுக்கினால் குழப்பம் தீரும். தட்டில் அடுக்கிய ஏடுகளில் அடியில் உள்ளதை மேலே கொண்டுவரும் முறைக்குப் 'புரட்டல்'. ஆழத் தொட்டியில் சட்டத்தோடு தொங்கவிடும் முறைக்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. இந்த ஊர் மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே இருட்டறையில் பணிசெய்து ஓய்வுபெற்ற பெரியவர் எனக்குச் சொல்லித்தந்தது: 'தூக்கி வடி.' சட்டத்தை மேலே தூக்கி, ஒரு மூலை வழியாகத் துலக்கி வடிந்ததும் இறக்கி, அடுத்த முறை எதிர் மூலை வழியாக வடியவிட வேண்டும். அதை மாற்ற நமக்கு உரிமை இல்லை.

எங்கள் ஊர் வெயிலுக்காக இன்னொரு சொல்லையும் சேர்க்கக் கேட்கிறேன். துலக்கியை 20 டிகிரிக்குக் கொண்டுவருவதற்கு 'விளாவல்'. குளிக்க வெந்நீரில் தண்ணீர் சேர்த்து விளாவுகிறோம் அல்லவா, அதுதான். மே மாதத்தில் மாடித் தொட்டி நீர் சாதாரணமாகவே சுடும். 20 டிகிரியில் 11 நிமிடம் ஆகும் துலக்கல் 30 டிகிரியில் ஐந்து நிமிடத்துக்கும் கீழே போய்விடும். நேரம் குறையக் குறைய, முதல் அரை நிமிடத்தில் கை செய்யும் பிழை பெரிதாகிவிடும். பனிக்கட்டியைத் துலக்கியில் போட்டால் அது நீர்த்துப்போகும். கரைசல் கலக்கும் நீரை முன்பே விளாவிவிட்டு, தட்டைச் சுற்றிப் பெரிய பேசினில் பனிக்கட்டி நீர் வைக்கிறேன்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து

*

ஐயா, வணக்கம். ஆரணியிலிருந்து எழுதுகிறேன்.

அலசல், விளாவல் இரண்டும் எனக்கு முழுச் சம்மதம். புரட்டல் வேண்டாம். புரட்டு என்றால் பொய் என்று யாராவது சொல்லக்கூடும். அது எனக்குப் பெரிய தடையாகப் படவில்லை. என் கவலை வேறு. தோசையைப் புரட்டு என்றால் என்ன செய்வோம்? மறுபக்கம் திருப்பிப் போடுவோம். நீங்கள் சொல்லும் முறையில் ஏடு திரும்பக் கூடாது. வெள்ளி உப்பு பூசிய மருந்துப் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க, அடியில் இருப்பது மேலே வர வேண்டும். புதிதாகக் கற்கும் பிள்ளையிடம் கும்மிருட்டில் 'புரட்டு' என்றால் பாதி ஏடுகள் கவிழ்ந்துவிடும். எது மருந்துப் பக்கம் என்று இருட்டில் காட்ட ஏட்டின் ஓரத்தில் இருக்கும் வெட்டுக்குறியைத் தடவிப் பார்த்து அடுக்கியதெல்லாம் வீண். குலுக்கல் உங்களை ஏமாற்றியதுபோல இது இன்னொருவரை ஏமாற்றும்.

எங்கள் குடும்பத்துக்குப் பட்டுப்புடவைக் கடை. அடுக்கில் அடியில் உள்ள புடவையை வாடிக்கையாளர் கேட்டால், மேலே உள்ளவற்றை இடது கையால் இலேசாகத் தாங்கி, அதை மட்டும் கலையாமல் இழுப்போம். அதற்கு 'உருவு' என்று பெயர். அடியிலிருந்து உருவி மேலே வைப்பதால் 'அடியுருவல்' என்று வைத்துப் பாருங்கள், ஐயா. கை என்ன செய்ய வேண்டும் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

*

அம்மா, வணக்கம்.

உங்கள் மடலைப் படித்ததும் என் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். ஏடு கவிழும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. என் கைக்குப் பழகிவிட்டதால் சொல்லின் பிழையைக் கை தானே சரிசெய்துகொண்டிருக்கிறது.

ஞாயிறு இரவு சோதித்தும் பார்த்தேன். வெயில் சீராக விழும் வெள்ளைச் சுவரை, குவியம் கலைத்து, நான்கு ஏடுகளில் எடுத்தேன். திட்டோ கோடோ இருந்தால் ஒளிய இடமில்லாத படம் அது. பிலிமே தொட்டறியாத என் தங்கை மகனை இருட்டில் தட்டின் முன் நிறுத்தினேன். முதலில் ஒவ்வோர் ஏட்டையும் தனித்தனியே வெறும் நீரில் நனைக்கச் சொன்னேன். நனையாமல் அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஏழெட்டு வினாடிக்கு ஒருமுறை 'அடியுருவு' என்று மட்டும் சொன்னேன், வேறு விளக்கம் ஒன்றும் தரவில்லை. அரை நிமிடத்துக்குள் நான்கும் ஒரு சுற்று வந்துவிடும். இரண்டாம் நிமிடத்திலிருந்து நான் சொல்வதற்கு முன்பே அவன் விரல்கள் நீரில் சலசலப்பது கேட்டது.

நான்கிலும் சாம்பல் நிறம் ஓரம் முதல் ஓரம் வரை சீராக வந்திருக்கிறது. ஓர் ஏட்டில் மட்டும் தலைமுடி அளவுக்குக் கீறல். உருவியதில் பிழை இல்லை. மேலே வைக்கும்போது மூலை கீழிறங்கி, அடியில் இருந்த ஏட்டின் ஊறிய மருந்தைக் கீறியிருக்கிறது. ஏட்டை நீர்ப்பரப்பின் மேல் தட்டையாகக் கிடத்தி, பிறகு விரல் நுனிகளால் மெல்ல அமிழ்த்த வேண்டும். இதற்கும் ஒரு சொல் இல்லாமல் குறிப்பு முழுமை பெறாது. கல் பாவுவதுபோலப் 'பாவல்' என்று நினைத்தேன். ஆனால் தறியில் 'பாவு' வேறொன்று, நீளவாட்டில் ஓடும் நூல். நெசவுக்காரர்கள் நடுவே இருக்கும் உங்களுக்கு இது குழப்பமாகப் படுகிறதா என்று சொல்லுங்கள் அம்மா. பட்டியலில் ஏற்றாமல் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து