பிட்ச் என்பதற்கு ‘ஒருக்களி’ சரிவருமா? முதல் ஹெலிகாப்டர் வாங்கும் பிள்ளைகளுக்காக

புளியரையிலிருந்து, காற்றாலைப் பராமரிப்பாளர்

அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு ஒரு சொல் வேண்டும். ‘பிட்ச்’ என்கிறார்களே, அதற்கு. கிரிக்கெட் பிட்ச் இல்லை, பாட்டின் சுருதியும் இல்லை. சுழல்கிற றெக்கை தன் நீளத்தையே அச்சாகக் கொண்டு திரும்பி, காற்றுக்கு எவ்வளவு முகம் கொடுக்கிறது என்கிற அந்தக் கோணம்.

அக்கா மகன் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்திருக்கிறான். ரிமோட் ஹெலிகாப்டர் வாங்கித் தருகிறேன் என்று நான் கொடுத்த வாக்கு இன்னும் பாக்கி. போனில் இரண்டு படம் காட்டினான். இரண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரி மூக்கு. ஒன்றில் ‘எஃப்.பி.’ (ஃபிக்ஸட் பிட்ச்) என்றும் இன்னொன்றில் ‘சி.பி.’ (கலெக்டிவ் பிட்ச்) என்றும் போட்டிருந்தது. “சி.பி.தான் மாமா விலை கூட. அப்போ அதுதானே நல்லது?” என்று கேட்டான். விளக்க உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் பேசியும் ‘பிட்ச்’ என்ற சொல்லிலேயே போய் முட்டிக்கொண்டு நின்றது.

இது விளையாட்டு விஷயம் என்று நினைக்காதீர்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் முதன்முதலாக வாங்கியது சி.பி. வகைதான். 450 என்கிற அளவு, றெக்கை ஒவ்வொன்றும் 325 மில்லிமீட்டர். அறுப்பு முடிந்த வயலில் வைத்துக் கிளப்பினேன். நெஞ்சு உயரத்தில் நின்றது. கொஞ்சம் ஆடியதும் பயந்து, ரிமோட்டின் இடது குச்சியை முழுக்கக் கீழே இழுத்தேன். ஃபேன் மாதிரி வேகம் குறைந்து மெல்ல உட்கார்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். ரிமோட்டில் நான் போட்டிருந்த நிலையில் குச்சி கீழே போனால் வேகம் குறையாது. றெக்கை மறுபக்கம் திரும்பி ஹெலிகாப்டரைத் தரையை நோக்கித் தள்ளும். அப்படியே அறைந்தது. வால்குழாய் இரண்டு துண்டு. ஒடிந்த றெக்கையின் நுனி என் காதை ஒட்டிப் பறந்து வரப்பில் குத்தி நின்றது. அந்த அளவு ஹெலிகாப்டரில் றெக்கை நுனியின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். ‘கலெக்டிவ் பிட்ச்’ என்று அட்டையில் எழுதியிருந்ததை நானும் படித்திருந்தேன். பொருள் மட்டும் மனதில் ஏறவில்லை.

வேலையில் நான் தினமும் பார்ப்பதும் இதைத்தான். எங்கள் பக்கம் காத்தாடி என்று சொல்கிற காற்றாலைகளில் பழைய மிஷின்களுக்கு றெக்கையை நடுவிலுள்ள குடத்தோடு அசையாமல் போல்ட் போட்டிருப்பார்கள். புதியவற்றில் மூன்று றெக்கையும் அடியிலிருந்தே திரும்பும். காற்று நொடிக்கு 25 மீட்டரை ஒட்டி வந்துவிட்டால் மூன்றும் காற்றுக்கு விளிம்பைக் காட்டித் திரும்பிக்கொள்ளும், சுழற்சி நின்றுவிடும். ஹெலிகாப்டரிலும் இதே கணக்குதான். எஃப்.பி.யில் மோட்டார் வேகம் கூடினால் ஏறும், குறைந்தால் இறங்கும். சி.பி.யில் வேகம் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும், றெக்கையின் கோணம் மாறுவதால் ஏறி இறங்கும்.

‘சாய்வு’ என்று எழுதிப் பார்த்தேன். சரிவரவில்லை. ஹெலிகாப்டர் முன்னே போக வேண்டுமானால் சுழலும் வட்டம் முழுவதும் முன்பக்கம் சாய வேண்டும். சாய்வு என்ற சொல் அதற்கு வேண்டும். அந்த வட்டத்தைச் சாய்க்கிற ‘சுவாஷ்பிளேட்’டுக்குச் சாய்தட்டு என்று வைத்தால் பொருத்தமாக இருக்கும். றெக்கைக்கும் சாய்வு என்றால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். ‘முறுக்கு’ என்றால், அடியிலிருந்து நுனிவரை றெக்கையையே முறுக்கி வார்ப்பது என்று தனியாக ஒன்று இருக்கிறது. ‘புரட்டு’ என்றால் பித்தலாட்டம்.

நேற்று ராத்திரி அம்மா சொன்னாள்: “சாரல் அடிக்குது, கதவ ஒருக்களிச்சு வை.” முழுக்கத் திறக்காமல், முழுக்க மூடாமல், காற்றுக்குக் கொஞ்சமாய் முகம் காட்டுகிற கதவு. மல்லாந்தும் இல்லாமல் குப்புறவும் இல்லாமல் படுப்பதற்கும் அதே சொல்தான். றெக்கை செய்வதும் அதுதானே?

ஆகவே: பிட்ச் = ஒருக்களிப்பு. எஃப்.பி. = மாறா ஒருக்களிப்பு. சி.பி. = கூட்டு ஒருக்களிப்பு. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.


நகரியிலிருந்து, விசைத்தறி மெக்கானிக்

அண்ணா, சொல் அருமையாக இருக்கிறது. ஆனால் நீளம். ரிமோட் மேல் ஸ்டிக்கர் ஒட்டினால் ஒருக்களிப்பு அடங்காது. ‘ஒருக்கம்’ என்று சுருக்கிவிடலாமே? ஏற்றம், இறக்கம், ஒருக்கம் என்று வாய்க்கு வரிசையாக வரும். எங்கள் ஊரில் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கு, வீட்டில் தமிழ். நீளமான சொல் என்றால் அந்த நிமிஷமே ஆங்கிலத்துக்குப் போய்விடுவார்கள்.


கொழிஞ்சாம்பாறையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியை

நகரித் தம்பி சொல்லும் சுருக்கம் நியாயம். ஆனால் ‘ஒருக்கம்’ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மலையாளத்தில் அதற்கு ஆயத்தம் என்று பொருள். எங்கள் பாலக்காட்டுக் கிழக்குப் பகுதியில் தமிழ்ப் பிள்ளைகள் காலையில் ஒரு மொழி, மாலையில் ஒரு மொழி பேசுகிறவர்கள். ‘ஒருக்கமா?’ என்று கேட்டால் ‘ரெடி’ என்று பதில் சொல்லிவிட்டுக் கிளப்பிவிடுவார்கள். பறக்கிற ஒன்றின் ரிமோட்டில் அந்தக் குழப்பம் இருக்கவே கூடாது. புளியரைத் தம்பிக்கும் இது தெரிந்திருக்கும். புளியரை இருக்கும் செங்கோட்டைத் தாலுகா 1956 நவம்பர் 1 வரை மலையாளம் பேசும் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததுதானே.

சுருக்கம் வேண்டுமென்றால் ‘ப்பு’வை மட்டும் எடுத்துவிடுங்கள். ஒருக்களி. அடி, வெட்டு, பிடி போல வினையின் வேர்ச்சொல்லே பெயராக நிற்கும். முதனிலைத் தொழிற்பெயர் என்று வகுப்பில் நடத்தியிருக்கிறேன். வினையாகவும் அப்படியே ஓடும்: “றெக்கையை இன்னும் இரண்டு டிகிரி ஒருக்களி.” ஒரு சொல் பெயராக நின்றால் மட்டும் போதாது, பட்டறையில் ஏவலாகவும் வர வேண்டும். சாய்கோணம், தாக்குகோணம் என்றெல்லாம் அகராதிக்கு எழுதுகிற சொற்கள் பெரும்பாலும் அங்கேதான் தோற்கின்றன.

ஹெலிகாப்டர் என்ற பெயரை நீங்கள் அப்படியே வைத்துக்கொண்டதில் எனக்கு மறுப்பில்லை. ஈழத்தில் உலங்கு வானூர்தி என்பார்கள், அழகான பெயர். 1861இல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் கிரேக்கத்திலிருந்து திருகு, சிறகு என்ற இரண்டு சொற்களை எடுத்து ஒட்டிய பெயர்தான் ஹெலிகாப்டர். நாம் இப்போது செய்வதும் அதே வேலை. ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்ற புறநானூற்றுத் தொடரை இதற்கு வைக்கலாம் என்று யாரேனும் சொல்ல வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: இங்கே வலவன், அதாவது ஓட்டுபவன், இருக்கிறான், தரையில் நின்று ஏவுகிறான். அந்தத் தொடர் தானாகப் பறப்பவற்றுக்கே பொருந்தும்.

இன்னொன்று. ‘சைக்ளிக் பிட்ச்’ என்பதற்கு நீங்கள் சொல் தரவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் றெக்கை ஒரு பக்கம் வரும்போது கோணம் கூடி, எதிர்ப்பக்கம் போகும்போது குறையும் என்று படித்தேன். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதுபோல் ஒவ்வொரு றெக்கையும் தன் முறை வரும்போது வாங்கிக்கொள்கிறது. ‘முறை ஒருக்களி’ என்று வைக்கலாமா?


களியக்காவிளையிலிருந்து, எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர்

ஒருக்களிக்கும் முறை ஒருக்களிக்கும் எனக்குச் சம்மதம். ஆனால் ‘மாறா ஒருக்களி’ தப்பு. டீச்சரின் கடைசிப் பத்தியைப் படித்தபோதுதான் உறைத்தது. ஒற்றைச் சுழலியும் (றெக்கைகள் சேர்ந்து சுற்றும் அமைப்பு) நான்கு சேனலும் (ரிமோட்டில் தனித்தனியாக இயக்கும் அசைவுகள்) உள்ள எஃப்.பி. ஹெலியிலும் சாய்தட்டு இருக்கிறது. முன்பின், வலஇடம் போக றெக்கைகள் முறை வைத்து ஒருக்களிக்கவே செய்கின்றன. மாறாதது எல்லா றெக்கையும் சேர்ந்து ஒருக்களிப்பது மட்டும்தான். ஆங்கிலத்தில் ஏனோதானோவென்று வைத்த பெயரை நாமும் ஏன் சுமக்க வேண்டும்?

எது இல்லை என்று சொல்லாமல் எப்படி ஏறுகிறது என்று சொல்லிவிடலாம். எங்கள் ஊரில் பனையேறி என்று சொல்கிறோமே, அதேபோல எஃப்.பி.க்கு வேகமேறி, சி.பி.க்கு ஒருக்களியேறி. கடையில் வந்து கேட்கிற பையனுக்கு அந்தப் பெயரிலேயே பாதி விளக்கம் கிடைத்துவிடும்.

எதை வாங்குவது என்பதில் மட்டும் புளியரை அண்ணாச்சியோடு எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. வேகமேறிதான் முதல் ஹெலி என்று நீங்கள் முடிவெடுத்துவிட்டதுபோல் தெரிகிறது. உங்கள் ஊர்க் கணவாய்க் காற்றில் அது நிற்காது. காற்று தூக்கும், நீங்கள் வேகத்தைக் குறைப்பீர்கள், சுழலி தளர்வதற்குள் அது தென்னைக்கு மேலே போயிருக்கும். வேகத்தைக் கூட்டினாலும் அதே தாமதம். ஒருக்களியேறி அந்தக் கணமே கேட்கும். இப்போது வருகிற சின்ன ஒருக்களியேறிகளில், ஆட்டத்தை உணர்ந்து திருத்தும் கைரோவே நிலைநிறுத்திக்கொடுக்கிற பயிற்சி நிலையும் உண்டு. கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் ஒரு மாதம் பழகிவிட்டு நேராக அதற்கே போகலாம் என்பது என் எண்ணம். பையனுக்கு இரண்டு தடவை செலவு வைக்க வேண்டாம்.


புளியரையிலிருந்து

டீச்சருக்கும் நண்பர்களுக்கும் நன்றி. வேகமேறி, ஒருக்களியேறி இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். ‘மாறா ஒருக்களி’ தப்புதான், காற்றாலையை வைத்தே யோசித்ததால் சாய்தட்டு இருப்பது நினைவில் வரவில்லை. காற்றாலையில் சாய்தட்டு கிடையாது.

முதல் ஹெலி எது என்பதில் என் எண்ணம் மாறவில்லை. காரணம் காற்றேதான். ஆனி ஆடியில் இங்கே வெளியில் எந்தச் சின்ன ஹெலியும் பறக்காது, ஒருக்களியேறியும் சேர்த்துத்தான். ஆகவே பழகுவது கூரைக்கு அடியில்தான். ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கிறது. ஃபேனை நிறுத்திவிட்டு, நாற்காலிகளை ஒதுக்கிவிட்டால் போதும். அங்கே வேகமேறியின் தாமதம் ஒரு குறையாகத் தெரியாது. எனக்கு நேர்ந்தது மாதிரிக் குச்சியை முழுக்க இழுத்தாலும் சுழலி தளர்ந்து தொப்பென்று விழும். உடைந்தால் சின்ன றெக்கை ஒரு ஜோடி மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பயந்தால் குச்சியை இழுக்கத்தான் கை போகும். முதல் மாதம் முழுக்கப் பயம் இருக்கும். அந்த மாதத்தில் கை எதைச் செய்தாலும் ஆளுக்கு அடிபடக்கூடாது. சிமுலேட்டர் நல்லதுதான், நிச்சயம் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அதில் பயம் வராது.

இரண்டு சுழலி ஒன்றின்மேல் ஒன்றாக எதிரெதிராகச் சுற்றுகிற வகையை வாங்கலாமா என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். பத்து வயதுப் பிள்ளை என்றால் தாராளமாக வாங்குங்கள், விட்ட இடத்தில் நிற்கும். பதினாறு வயதுப் பையனுக்கு இரண்டு வாரத்தில் சலித்துவிடும். மூன்று சேனல் பொம்மைகளை மட்டும் வாங்கவே வேண்டாம். அவை பக்கவாட்டில் போகாது. பக்கவாட்டில் நகர்வதைத் திருத்திக்கொண்டே இருப்பதுதான் அந்தரத்தில் நிற்கிற வித்தை. அதைக் கற்றுத்தராத ஹெலியால் பயனில்லை.

நாளை ஆர்டர் போடப்போகிறேன்: நான்கு சேனல் வேகமேறி, கைரோ உள்ளது, எடை நூறு கிராமுக்குள். கூடவே இரண்டு ஜோடி றெக்கை, ஒரு வால்மோட்டார், ஒரு நடுத்தண்டு, மூன்று பேட்டரி. இந்தச் சாமான்கள் தனியாகக் கிடைக்காத மாடலை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், தொடவில்லை. லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட்டில் சார்ஜை நிறுத்த வேண்டும், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிடக்கூடாது, யாரும் இல்லாத அறையில் சார்ஜ் போடவே கூடாது. இதை அவன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

பிள்ளைகளுக்கான குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன், டீச்சர் பார்த்துத் திருத்துங்கள்:

“ஹெலிகாப்டர் ஏறுவதற்கு இரண்டு வழி. றெக்கையை வேகமாகச் சுற்றினால் ஏறுவது வேகமேறி. சுற்றும் வேகத்தை மாற்றாமல், எல்லா றெக்கையையும் ஒருசேரக் கூடுதலாக ஒருக்களித்தால் ஏறுவது ஒருக்களியேறி. இது கூட்டு ஒருக்களி. முன்னே பின்னே போக, ஒவ்வொரு றெக்கையும் தன் முறை வரும்போது மட்டும் கூடுதலாக ஒருக்களிக்கும். அது முறை ஒருக்களி, இரண்டு வகையிலும் உண்டு. ஹெலியின் வால் உன்னைப் பார்த்தபடி, முழங்கால் உயரத்தில், ஒரு பேட்டரி தீரும்வரை ஒரே இடத்தில் நிறுத்திக் காட்டு. பிறகு மூக்கை உன் பக்கம் திருப்பி அதையே செய். இப்போது இடமும் வலமும் மாறியிருக்கும். அதுவும் கைக்கு வந்தபின் ஒருக்களியேறி வாங்கலாம்.”

ஒரு சொல் இன்னும் நிற்கிறது. ஒருக்களியேறியில் றெக்கை பூஜ்யத்தைத் தாண்டி மறுபக்கம் திரும்பி, மைனஸ் பத்து டிகிரி ஒட்டிப் போகுமே, அதற்கு முதலில் ‘கீழ் ஒருக்களி’ என்று போட்டிருந்தேன். ஆனால் ஹெலி தலைகீழாகப் பறக்கும்போது அதை மேலே தாங்கி நிறுத்துவதே அந்தக் கோணம்தான், அங்கே ‘கீழ்’ என்பது பொய்யாகிவிடும். ‘எதிர் ஒருக்களி’ என்று மாற்றிவிட்டேன். குறிப்பில் அந்த வரியை மட்டும் சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறேன்.